நைட் ஷிப்ட்டுக்கு வரும் தங்கைக்கு

அன்புள்ள தங்கச்சி,

வீட்டில் அடி உதைக்குத் தப்பி வரும் பெண்களுக்கான நம் காப்பகத்தின் இரவுப் பணி திங்கட்கிழமையிலிருந்து உன்னுடையது. சாவிக்கொத்து, ரெஜிஸ்டர், அவசர எண்கள் ஒட்டிய அட்டை எல்லாம் கைக்கு வந்துவிடும். சட்டத்தையும் படிவங்களையும் பயிற்சி வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்கள். அங்கே நேரம் போதாமல் விட்டுப்போகிறவற்றை இங்கே எழுதுகிறோம். இதே வேலைக்கு வரும் மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் உன் பெயர் போடாமல் பொதுவில் எழுதுகிறோம்.

ஃபோனிலிருந்து தொடங்குவோம். ராத்திரி அழைப்பை எடுத்ததும் "என்ன நடந்தது?" என்று கேட்டுவிடாதே. முதலில் "இப்போ பேச முடியுமா?" என்று கேள். அடுத்து "அவர் வீட்டுல இருக்காரா?" அதற்கடுத்து "லைன் கட் ஆனா நான் திரும்பக் கூப்பிடலாமா, வேண்டாமா?" மூன்றுக்கும் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். பக்கத்து அறையில் ஆள் இருக்கும்போது அவளால் சொல்ல முடிவது அவ்வளவுதான். பேசிக்கொண்டே இருந்தவள் திடீரென்று "தைக்கக் கொடுத்த துணி ரெடியாக்கா?" என்று கேட்டால் ஆள் உள்ளே வந்துவிட்டான் என்று அர்த்தம். குழம்பி "ஹலோ, ஹலோ" என்று கத்தாதே. அந்த நொடியிலிருந்து நீ தையல்காரி. "நாளைக்குப் பத்து மணிக்கு ரெடியாயிடும், அப்போ கூப்பிடுங்க" என்று சொல்லி வை. திரும்பக் கூப்பிடலாம் என்று அவளே சொல்லாதவரை நீயாக அந்த எண்ணுக்கு அடிக்கக் கூடாது.

ஃபோனில் அழைப்புப் பட்டியலை முழுசாக அழிக்கச் சொல்லாதே. காலியான பட்டியலே சந்தேகத்தைக் கிளப்பும். நம் எண்ணை மட்டும் அழித்தால் போதும். ஆனால் விவரமான பில் அவன் பெயரில் வருகிறதென்றால் அழித்தும் பயனில்லை. அடுத்த தடவை வேறு ஒருவரின் ஃபோனிலிருந்து கூப்பிடச் சொல். ஆண்களும் சில சமயம் கூப்பிடுவார்கள். அவர்களிடமும் இதே மூன்று கேள்விதான். நம் இல்லத்தில் சேர்க்க முடியாவிட்டாலும் ஆபத்தைக் கேட்டறிந்து, சேர்த்துக்கொள்ளும் இடத்துக்கு வழிகாட்ட முடியும்.

இன்னொரு வகை அழைப்பும் உண்டு. அண்ணன் பேசுகிறேன், வக்கீல் பேசுகிறேன், பார்சல் வந்திருக்கிறது, குழந்தைக்கு மருந்து கொடுக்க வேண்டும் என்று பல வேஷத்தில் வரும். இதற்கு ஒரே ஒரு பதில்தான்: "இங்கே யார் இருக்காங்க, இல்லைங்கிறதைச் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை." அவள் இருக்கும்போதும் இதுதான், இல்லாதபோதும் இதுதான். புதிதாக வருகிறவர்கள் இதில் ஒரு தப்புச் செய்வார்கள். ஆள் இல்லாதபோது வெள்ளந்தியாக "அப்படி யாரும் இல்லைங்க" என்று சொல்லிவிட்டு, இருக்கும்போது மட்டும் "சொல்ல முடியாது" என்பார்கள். இரண்டு தடவை கூப்பிட்டவனுக்கு அந்த வித்தியாசமே விடை. போலீஸ் என்று சொன்னால் பெயரையும் நிலையத்தையும் எழுதிக்கொண்டு, அந்த நிலையத்தின் பொது எண்ணை நீயே தேடி எடுத்துக் கூப்பிட்டு உறுதி செய். அவர்கள் தருகிற எண்ணில் கூப்பிடாதே.

இப்போது ஆபத்தை அளப்பது. ஜாக்குலின் கேம்ப்பெல் என்ற அமெரிக்கச் செவிலியர் 1980களில் உருவாக்கிய அபாய மதிப்பீட்டுப் படிவம் பல நாடுகளில் புழங்குகிறது. அதில் 20 கேள்விகள். ஆயுதம் இருக்கிறதா, கொல்வேன் என்று மிரட்டியிருக்கிறானா, கர்ப்பமாக இருக்கும்போது அடித்தானா, பின்தொடர்கிறானா, தற்கொலை மிரட்டல் உண்டா, அண்மையில் பிரிந்து வந்தாளா என்று போகும். கேள்விகளுக்கு முன்னால் ஒரு வருஷக் காலண்டரை வைத்து, அடி விழுந்த நாள்களைக் குறிக்கச் சொல்கிறது அந்தப் படிவம். அதைச் சம்பிரதாயம் என்று நினைத்துத் தாண்டிவிடாதே. தேதி யாருக்கும் நினைவிருக்காது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த வாரம், பள்ளி திறந்த மறுநாள் என்றுதான் நினைவிருக்கும். அப்படி ஒவ்வொன்றாக அவள் விரல் வைக்க வைக்க, முன்பு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இருந்தது இப்போது வாரத்துக்கு ஒன்றாகிவிட்டது என்பது அவள் கண்ணுக்கே தெரியவரும். "எப்போவாவது கோபம் வரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அந்தக் காகிதத்தைப் பார்த்துச் சும்மா உட்கார்ந்திருப்பாள். நீயும் சும்மா உட்கார்ந்திரு.

பிரிந்து வந்த கையோடு வரும் நாள்கள்தான் பல பெண்களுக்கு மிக ஆபத்தானவை. பிடி நழுவுகிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்ட நேரம் அது. "வெளியே வந்துட்டீங்க, இனி பயமில்லை" என்று ஆறுதலுக்குக்கூடச் சொல்லாதே.

கழுத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "கழுத்தை நெரிச்சாரா?" என்று கேட்டால் பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும். நெரிப்பது என்றால் கொலை செய்வது என்று அவள் மனதில் இருக்கிறது. "கழுத்துல எப்போவாவது கை வெச்சிருக்காரா?" என்று கேள். "ஆமா, சுவத்தோட சேத்துப் பிடிச்சாரு, அவ்வளவுதான்" என்று சாதாரணமாகச் சொல்வாள். அந்த அவ்வளவுதானில் விஷயம் இருக்கிறது. கழுத்து இரத்தக் குழாய்களை அழுத்தினால் சுமார் 10 நொடியில் நினைவு தப்பலாம். வெளியே தடம் இருக்கும் என்று எதிர்பார்க்காதே. அமெரிக்காவின் சான் டியாகோவில் கழுத்து நெரிப்பு வழக்குகள் 300ஐ ஆராய்ந்தபோது பாதி வழக்குகளில் வெளிக்காயம் எதுவும் தெரியவில்லை. குரல் கம்மியிருக்கிறதா, எச்சில் விழுங்கினால் வலிக்கிறதா, கண் வெள்ளையிலோ இமையிலோ சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா, அந்த நேரத்தில் தன்னையறியாமல் சிறுநீர் போனதா என்று கேள். கடைசிக் கேள்வியைத் தாழ்ந்த குரலில், பிள்ளைகள் இல்லாதபோது கேட்க வேண்டும். நினைவு தப்பியதற்கு அது அடையாளமாக இருக்கலாம். உள்ளே இரத்தக் குழாயின் சுவர் கிழிந்திருந்தால் பக்கவாதம் சில நாள் கழித்துக்கூட வரும். அதனால் இப்போது நன்றாகத்தானே பேசுகிறாள் என்று விடிவதற்குக் காத்திராமல் மருத்துவமனைக்கு அனுப்பு. "கழுத்து நெரிக்கப்பட்டது" என்று சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பு. இல்லாவிட்டால் அங்கே கையில் இருக்கும் சிராய்ப்புக்கு மருந்து போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முன்பு ஒருமுறை கழுத்தில் கை வைத்தவனால் பின்னாளில் அவள் கொல்லப்படும் அபாயம் ஏழு மடங்குக்கு மேல் என்று 2008இல் வெளியான ஆய்வு ஒன்று சொல்கிறது.

பாலியல் வன்முறையும் நடந்திருந்தால் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைவில் வை. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அவசரக் கருத்தடைக்கு ஐந்து நாள் அவகாசம் உண்டு, ஆனால் சீக்கிரம் எடுத்தால்தான் பலன் அதிகம். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதை அவள் நிதானமாக முடிவு செய்யட்டும். மருந்தை அதோடு முடிச்சுப் போடாதே.

காயத்தைப் படமெடுக்க அவள் சம்மதித்தால் மூன்று படம்: முகமும் காயமும் சேர்ந்து தெரிய ஒன்று, உடலில் எந்த இடம் என்று தெரிய ஒன்று, பக்கத்தில் அளவுகோல் வைத்து நெருக்கமாக ஒன்று. இரண்டு மூன்று நாள் கழித்துத் திரும்ப எடு. கன்றிப்போவது அப்போதுதான் நன்றாக வெளியே தெரியும். இரத்தக் கறை பட்ட துணியைப் பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிடும், காகித உறைதான் சரி.

அவள் கிளம்பி வருவதற்கு முன்னாலேயே பேச நேரம் கிடைத்தால் பையைப் பற்றிப் பேசு. பெட்டி வேண்டாம். அலமாரி மேலிருந்த பெட்டி காணாமல்போனால் அது அன்றைக்கே தெரிந்துவிடும். அடையாள அட்டைகள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வங்கி, பள்ளி, மருத்துவக் காகிதங்கள், தினமும் சாப்பிடும் மாத்திரை ஒரு வாரத்துக்கு, மாற்றுச் சாவி, கொஞ்சம் ரொக்கம், பிள்ளை கட்டிப்பிடித்துத் தூங்கும் பொம்மை. இவற்றை ஒவ்வொன்றாக நம்பிக்கையான ஒருவர் வீட்டுக்கு நகர்த்த வேண்டும். அசல் ஆவணத்தை எடுத்தால் தெரிந்துவிடும் என்றால் நகல் போதும். எடுக்க முடியாமல் போனால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வரட்டும். காகிதத்தைத் திரும்ப வாங்கலாம்.

அவளுடைய செல்ஃபோன் விஷயத்தில்தான் காப்பகங்கள் அடிக்கடி கோட்டை விடுகின்றன. "ஸ்விட்ச் ஆஃப் பண்ணிட்டு வாங்க" என்பது பாதி யோசனைதான். அவள் கணக்கின் கடவுச்சொல் அவனுக்குத் தெரிந்திருந்தால், புது ஃபோன் வாங்கி அதே கணக்கில் உள்ளே நுழைந்த மறுநிமிடம் அவன் வரைபடத்தில் அவள் இருப்பாள். புது ஃபோன், புது எண், புது மின்னஞ்சல் மூன்றும் சேர்ந்தால்தான் புதுசு. பிள்ளையின் டேப்லெட், கைக்கடிகாரம், வண்டியோடு இணைந்த செயலி, டாக்ஸிச் செயலியின் பயண வரலாறு, கூட்டுக் கணக்கின் கார்டு எல்லாமே இடத்தைக் காட்டிக் கொடுக்கும். நாணயம் அளவுள்ள புளூடூத் டிராக்கரைக் கைப்பையின் உள்துணியில், பொம்மையின் வயிற்றில், வண்டி சீட்டுக்கு அடியில் வைத்துவிடலாம். அதனால் முதல் சந்திப்பை இல்லத்தின் வாசலில் வைத்துக்கொள்ளக் கூடாது. ஆள் நடமாட்டமுள்ள வேறொரு இடத்தில் சந்தித்து, சாமான்களைத் தடவிப் பார்த்துவிட்டு அழைத்து வா. ஆனால் அவள் இன்னும் அந்த வீட்டில் இருக்கும்போது டிராக்கரையோ உளவுச் செயலியையோ கண்டால் உடனே பிடுங்கச் சொல்லாதே. அது நின்றுபோனால் அவனுக்குத் தெரியும். எப்போது நிறுத்துவது என்பதும் வெளியேறும் திட்டத்தில் ஒரு பகுதி.

வந்து சேர்ந்ததும் படிவத்தை நீட்டாதே. தண்ணீர், கழிப்பறை, பிறகு அறைக் கதவை உள்ளேயிருந்து எப்படித் தாழ்ப்பாள் போடுவது என்று காட்டு. அவளையே ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல். தூக்கத்துக்கு அது மாத்திரையைவிட உதவும். விளக்கு எரியட்டுமா, எந்தக் கட்டில், காலையில் எழுப்ப வேண்டுமா என்று சின்னச் சின்னதாகக் கேள். பதில் சொல்லத் திணறினால் அவசரப்படுத்தாதே, இவற்றையெல்லாம் அவளிடம் யாரும் கேட்டு நாளாகியிருக்கும். பெயர், வயது, ஒவ்வாமை, இரவு மருந்து இவற்றை மட்டும் அன்றைக்கே எழுது. படுக்கை நனைக்கும் பிள்ளைகள் நிறைய வருவார்கள், மெத்தைக்கு உறை போட்டிருக்கட்டும். ராத்திரி வராந்தாவில் நடக்கும்போது மெத்தென்ற செருப்பு போட்டுக்கொள். கதவைத் தட்டுவதற்கு முன்னால் உன் பெயரைச் சொல். கனத்த காலடியும் திடீர்த் தட்டலும் இங்கே தூங்குகிறவர்களுக்கு வேறு எதையோ நினைவுபடுத்தும்.

ரெஜிஸ்டரில் எழுதுவது நாளைக்கு நீதிமன்றத்துக்குப் போகலாம். "அடிபட்டதாகத் தெரிகிறது" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. "இடது மேற்கையில் வெளிப்பக்கம் மூன்று நீளக் கன்றல், ஒவ்வொன்றும் சுமார் 4 செ.மீ." என்று எழுது. அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே மேற்கோள் குறிக்குள் போடு. "பதற்றமாக இருக்கிறார், ஒத்துழைக்கவில்லை" போன்ற உன் அபிப்பிராயம் எதிர்த்தரப்பு வக்கீலுக்குத்தான் உதவும்.

இடம் இல்லாத ராத்திரிகள் வரும். மக்கள்தொகையில் 10,000 பேருக்கு, குடும்பத்தோடு தங்க ஓர் இடமாவது வேண்டும் என்பது பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்க 2011இல் ஐரோப்பிய அவை கொண்டுவந்த இஸ்தான்புல் உடன்படிக்கையின் விளக்கக் குறிப்பில் இருக்கும் அளவு. பல ஊர்களுக்கு அது எட்டாத அளவு. இடமில்லை என்று சொல்லி வைத்துவிடாதே. இன்றைக்கு ராத்திரி எங்கே படுப்பாள் என்பதற்கு விடை கிடைக்கும்வரை அந்த அழைப்பு முடியவில்லை. அடுத்த இல்லத்துக்கு நீயே பேசி, அவள் பெயரைச் சொல்லலாமா என்று அவளிடமே கேட்டு, கைமாற்றி விடு. எண்ணை மட்டும் கொடுத்து அனுப்பினால் பலர் இரண்டாவது தடவை கூப்பிடுவதே இல்லை.

ராத்திரியில் அவன் உறவினர்கள் சமரசம் பேச வந்தால் கதவு திறக்காது. இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசும் கவுன்சிலிங்கையும் நீ ஏற்பாடு செய்யாதே. அங்கே அவள் உண்மையைச் சொன்னால் வீட்டுக்குப் போனதும் அதற்கு விலை கொடுப்பாள்.

கடைசியாக, சிலர் திரும்பிப் போவார்கள். விடிகாலையில் பையோடு வந்து நிற்பாள், உன் கண்ணைப் பார்க்க மாட்டாள். ஏன் என்று கேட்காதே. காகிதங்களின் நகல் நம்மிடம் இருக்கட்டுமா, நம் எண்ணை எந்தப் பெயரில் பதிந்துகொள்வாள், ஆபத்து என்று சொல்ல எந்த வார்த்தை, அந்த வார்த்தை வந்தால் போலீஸைக் கூப்பிடலாமா என்று நான்கு விஷயம் மட்டும் பேசிக்கொள். ரெஜிஸ்டரில் "சொந்த விருப்பத்தில் சென்றார், மீண்டும் வரலாம்" என்று அவள் பார்க்க எழுது. கட்டில் விரிப்பை அவள் கண் முன்னால் உருவாதே. கேட் மூடியபிறகு மாற்றிக்கொள்ளலாம்.

அன்புடன்,
பகல் ஷிப்ட் அக்காக்கள்