நான்காவது நாற்காலி

தருமபுரி,
ஞாயிறு மாலை.

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. கிருஷ்ணகிரி இலக்கியக் கூட்டத்தில் நால்வர் பேசும் அமர்வில் உன் பெயர் கடைசியில் இருக்கிறது என்றும், மற்ற மூவரும் பேசியபின் உனக்கு என்ன மிஞ்சும் என்றும் கேட்டிருக்கிறாய். நல்ல கேள்வி. பலருக்கு இது மேடையில் உட்கார்ந்த பிறகுதான் தோன்றும்.

முதலில் கணக்கைப் பார். அழைப்பிதழில் 1 மணி நேரம் என்றிருக்கும். கூட்டம் சேர 10 நிமிடம். வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, அதைப் படமெடுக்க எல்லோரும் ஒருமுறை எழுந்து நிற்பது, இதற்கு இன்னொரு 10. நெறியாளர் அறிமுகத்துக்கு 5. கேள்விகளுக்கு 10 ஒதுக்கினால் மீதி 25 நிமிடம், ஆளுக்கு 6 நிமிடம் சொச்சம். முதலில் பேசுபவர் 12 நிமிடம் எடுத்துக்கொண்டால் அந்தக் கூடுதல் நேரம் கடைசி நாற்காலியிலிருந்துதான் போகும். 6 நிமிடத்தில் நிதானமாகப் பேசினால் ஏறக்குறைய 500 சொற்கள் சொல்லலாம். 20 நிமிட உரையைத் தயாரித்துக்கொண்டு போய் மேடையில் சுருக்கலாம் என்று நினைக்காதே. அப்படிச் செய்பவர்கள் உரையைச் சுருக்குவதில்லை, வேகமாகப் பேசுகிறார்கள். தகரக் கூரை மண்டபத்தில் எதிரொலி அந்த வேகத்தை விழுங்கிவிடும்.

ஆகவே உரையாக எழுதாதே, துண்டுகளாக எழுது. ஒரு துண்டில் நீ சொல்ல வந்த ஒரே கருத்து, ஒரே வாக்கியத்தில். இரண்டாவதில் அதற்கு ஓர் உதாரணம், கூடவே மாற்று உதாரணம் ஒன்று. உன் முதல் உதாரணத்தை வேறொருவர் எடுத்துவிடுவது மிகவும் சாதாரணம். மூன்றாவதில் உன் எழுத்திலிருந்து வாசிக்க ஒரு பகுதி. ஒவ்வொன்றும் 2 நிமிடம். எந்தத் துண்டை உருவினாலும் மற்றவை தனியே நிற்க வேண்டும். நேரம் போய்விட்டால் வாசிப்பை விடு, கருத்தை விடாதே.

போவதற்கு முந்தைய வாரமே மற்ற மூவரிடமும் பேசிவிடு. இரண்டே கேள்வி போதும்: எந்த உதாரணத்தைத் தொடப் போகிறீர்கள், எந்த இடத்தில் மற்றவரோடு உடன்பட மாட்டீர்கள்? அதற்கு மேல் போனில் விவாதம் வேண்டாம். முழுவதையும் அங்கேயே பேசித் தீர்த்துவிட்டால் மேடையில் ஆறிய களியைத்தான் பரிமாறுவீர்கள்.

கடைசி நாற்காலியில் ஒரு லாபம் உண்டு. மூவரையும் கேட்டுவிட்டுப் பேசுகிறவன் நீ மட்டும்தான். அரைத் தாள் ஒன்றை வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் பேச்சிலிருந்தும் ஒரு சொல் மட்டும் குறித்துக்கொள். பேசத் தொடங்கும்போது அவற்றில் ஒன்றைப் பெயர் சொல்லி எடுத்து, அதிலிருந்து உன் கருத்துக்குப் போ. மூன்றையும் தொகுத்துச் சொல்ல வேண்டாம், அது நெறியாளர் வேலை. மறுப்பதானால் அவர் சொன்னதை அவரே தலையாட்டும்படி முதலில் ஒருமுறை சொல்லிவிட்டு மறு. அவர் தலையாட்டாவிட்டால் நீ சரியாகக் கேட்கவில்லை என்று பொருள். "முன்னால் பேசியவர்கள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள்" என்று மட்டும் ஆரம்பிக்காதே. கேட்பவர்கள் பையை எடுத்துக்கொள்வார்கள். பிறர் பேசும்போது செல்போனைப் பார்க்காதே, எதிரில் இருப்பவர்களுக்குப் பேசாதவர்கள் முகமும் தெரியும்.

இன்னொன்று. இந்தப் பக்கத்து மேடை என்றாலே அதியமானும் நெல்லிக்கனியும் வந்துவிடும். நால்வரும் ஆளுக்கொரு கனி கொடுத்தால் சபை தாங்காது. ஔவையைச் சொல்லியே தீர வேண்டுமானால் புறநானூற்றின் 95ஆம் பாட்டைப் பார். அதியமானோடு பகைகொண்ட அரசன் தொண்டைமானின் படைக்கலங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலுள்ள மாளிகையில் இருக்கின்றன. எங்கள் தலைவன் அதியமானுடைய வேலோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது. பாட்டு மொத்தம் 9 அடிதான். புகழ்வதுபோல் தொடங்கி ஒரே விஷயத்தைச் சொல்லி முடிக்கிறாள். 6 நிமிடத்துக்குள் பேச அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

மைக் விஷயம். வாயிலிருந்து நாலு விரற்கடை தூரம், கொஞ்சம் சாய்வாக. நேராக வைத்தால் 'ப' வரும் இடமெல்லாம் காற்று மோதும். வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடிக்காதே. முன்பக்க ஒலியை மட்டும் வாங்கும்படி செய்த மைக், பொத்தியதும் நாலா பக்கமும் வாங்கத் தொடங்கிக் கூவும். அப்போது பலர் இன்னும் இறுக்கிப் பொத்துவார்கள், இன்னும் கூவும். ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நின்றாலும் அதே கதி. நால்வருக்கு இரண்டு மைக்தான் இருக்கும், ஆகவே பேசி முடித்ததும் நெறியாளர் கையில் கொடுத்துவிட்டு உட்கார். கார்ட்லெஸ் என்றால் மாற்று பேட்டரி இருக்கிறதா என்று ஒலிபெருக்கிக்காரரிடம் முன்கூட்டியே கேள்.

வாசிக்கும் பகுதி ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். பாத்திரங்கள் 3 பேருக்கு மேல் இருந்தால் யார் யாரென்று காது தேடிக்கொண்டிருக்கும். 16 புள்ளி எழுத்தில் அச்செடு, புத்தகத்திலிருந்து படித்தால் தலை குனிந்து குரல் மேசைக்குள் போகும். வட்டார வழக்கு இருந்தால் அப்படியே வாசி, மேடைக்காக மெருகேற்றாதே. கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கத்துச் சபையில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்களும் இருப்பார்கள், பேச்சுத் தமிழ் அவர்களுக்கு இன்னும் நெருக்கம்.

கேள்வி நேரத்தில் மைக்கைத் தன்னார்வலரே பிடித்திருக்கட்டும் என்று நெறியாளரிடம் சொல்லிவை. கேட்பவர் கைக்குப் போனால் ஐந்தாவது உரை தொடங்கிவிடும். வந்த கேள்வியை மைக்கில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் சொல், பின்வரிசைக்குக் கேள்வி எட்டியிருக்காது. மாலைக் கூட்டம் என்றால் கடைசிப் பேருந்தைப் பிடிக்கக் கிளம்புகிறவர்களை மனத்தாங்கலாக எடுத்துக்கொள்ளாதே.

புத்தகத்தில் 10 பிரதி கையோடு எடுத்துப் போ, சில்லறையும். திரும்பும்போது தருமபுரியில் இறங்கு, வீட்டில் களியும் கீரைக் கடைசலும் இருக்கும். அந்த அரைத் தாளை மறக்காமல் கொண்டுவா, மற்ற மூவரிடமிருந்து என்ன சொல் எடுத்தாய் என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்