சபை வரலாறு எழுதப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

ஆலய ஆண்டு விழா மலருக்கு நம்ம சபையின் வரலாற்றைச் சேர்ந்து எழுதலாம் என்று கேட்டிருந்தாய். கட்டாயம் எழுதலாம். அதற்கு முன்னால் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். நம்முடையதைப் போல வெஸ்லியன் மிஷனில் (ஜான் வெஸ்லி தொடங்கிய மெதடிஸ்ட் இயக்கத்தின் மிஷன்) பிறந்த சின்னச் சின்ன ஊர்ச் சபைகள் திருவள்ளூர்ப் பக்கம் நிறைய இருப்பதால், அந்தப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

நீ வாட்ஸப்பில் அனுப்பிய பழைய மலரைப் படித்தேன். வரலாறு என்று போட்டிருக்கும் பக்கங்களில் பாதிக்கு மேல் ஆயர்கள் பட்டியல். மெதடிஸ்ட் வழக்கப்படி ஆயர்கள் சில வருஷத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருந்ததால் பட்டியல் நீளம், அது அவர்கள் தப்பில்லை. ஆனால் வந்து போனவர்கள் எல்லாரும் அதில் இருக்கிறார்கள், அங்கேயே இருந்து சபையைக் காத்தவர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. இந்த முறை அதை மாற்றணும்.

1738-ல் வெஸ்லிக்கு நேர்ந்த மனமாற்றத்தில் இருந்து ஆரம்பிக்காதே, அது எல்லா மலரிலும் இருக்கிறது. வேண்டுமானால் 1742-ல் இங்கிலாந்தில், பிரிஸ்டலில் இருந்த வெஸ்லியின் சபையில் நடந்ததை எடுத்துக்கொள். கட்டடக் கடனை அடைக்க, சபையாரைப் பன்னிரண்டு பேர் கொண்ட வகுப்புகளாகப் பிரித்து, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வசூலிக்க வகுப்புக்கு ஒரு தலைவரைப் போட்டார்கள். காசு கேட்டு வீடு வீடாகப் போன அந்தத் தலைவர், குடும்பக் கஷ்டத்தைக் கேட்கிறவராக, ஜெபம் பண்ணுகிறவராக ஆகிப்போனார். குருப்பட்டம் இல்லாத ஒரு சாதாரண மனிதர் சபையைத் தாங்கலாம் என்ற இந்த ஏற்பாடுதான் நம்ம மாதிரி ஊருக்குப் பொருந்தியது. குருப்பட்டம் பெற்ற ஐயர், அதாவது ஆயர், சர்க்கிட் முழுக்க, அதாவது தன் பொறுப்பில் இருந்த பல ஊர்ச் சபைகளையும், சுற்றி எப்போதாவது ஒருமுறை திருவிருந்து கொடுக்க வருவார். மற்ற நாளெல்லாம் உபதேசியார்தான். பகலில் அதே கூரைக் கட்டடத்தில் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்துவிட்டு, ராத்திரி லாந்தர் வெளிச்சத்தில் ஆராதனை நடத்தியவர். ஜனங்கள் பகல் முழுக்க அடுத்தவர் வயலில் வேலை செய்ததால் ராத்திரியில்தான் கூட முடிந்தது.

நான் இங்கே பெங்களூரில் மில்லர்ஸ் ரோட்டில் இருக்கிற யுனைடெட் தியாலஜிக்கல் காலேஜின் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து பழைய மிஷன் அறிக்கைகளைப் படித்து வருகிறேன். 1910-ல் ஆரம்பித்த கல்லூரி, வெஸ்லியன் மிஷனும் சேர்ந்து தொடங்கியதுதான். படிக்கப் படிக்க ஆத்திரம் வந்தது. வெள்ளைக்கார மிஷனரி குதிரையில் வந்தது, காய்ச்சலில் படுத்தது எல்லாம் பெயரோடு இருக்கும். நம்ம ஆள் வருகிற இடத்தில் 'எங்கள் உபதேசியார்' என்று மட்டும்தான் இருக்கும். ஊர் ஊராகப் போய் வேதம் சொல்லிக்கொடுத்த வேதாகமப் பெண்களுக்கு அதுவும் குறைவு. தினமும் கார்ப்பரேஷன் பக்கம் பஸ்ஸில் போகும்போது ஹட்சன் நினைவு ஆலயம் கண்ணில் படும். ஜோசியா ஹட்சன் நம்ம மிஷனைச் சேர்ந்தவர்தான், அந்த சர்க்கிளுக்கே அவர் பெயர். நல்ல விஷயம். நம்ம ஊரில் லாந்தர் பிடித்த மனிதருக்கு ஒரு கல்வெட்டுகூட இல்லை என்பதும் அப்போதெல்லாம் ஞாபகம் வரும்.

வெஸ்லியன் மிஷனரி ஜேம்ஸ் லிஞ்ச் 1817-ல் யாழ்ப்பாணத்தில் இருந்து சென்னைக்கு வந்ததையும் 1819-ல் ராயப்பேட்டையில் ஆலயம் திறந்ததையும் ஒரு பத்தியில் சொல்லிவிடு, போதும். அதே மிஷனைச் சேர்ந்த எலைஜா ஹூலும் மோவட்டும் 1821-ல் பெங்களூர் கண்டோன்மெண்டில் தமிழர்களிடையே ஊழியம் ஆரம்பித்ததை நான் ஒரு பெட்டிச் செய்தியாக எழுதித் தருகிறேன், ஏனென்றால் நம்ம ஊரில் இருந்து பிழைக்க வந்தவர்கள் பலர் இங்கே லிங்கராஜபுரம், சிவாஜிநகர் பக்கம்தான் இருக்கிறார்கள்.

நீ அதிகம் எழுத வேண்டியது மண்ணைப் பற்றி. செங்கல்பட்டு ஜில்லாவில் அப்போது சேரி இருந்த மனைகூட மிராசுதார் கையில். கூலி கேட்டாலோ பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பினாலோ, குடிசையைக் காலி பண்ணு என்று சொல்ல முடியும். இந்த நிலைமையில்தான் பக்கத்து ஈக்காட்டில் வெஸ்லியன் மிஷனரி வில்லியம் கவுடி இருந்தார். நிலமில்லாத பறையர் ஜனங்களுக்கு நிலம் வேண்டும் என்று மிஷன் பத்திரிகைகளில் எழுதி வாதாடினார். கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891-ல் கொடுத்த அறிக்கையும் அதற்கு அடுத்த வருஷம் வந்த அரசாணையும்தான் இன்று பஞ்சமி நிலம் என்கிறோமே, தாழ்த்தப்பட்ட மக்களுக்கு அரசு ஒதுக்கிய நிலம், அதன் தொடக்கம். கவுடி பெரிய மனிதர், சந்தேகமில்லை. ஆனால் அவரிடம் போய் 'எங்களுக்கும் ஒரு வாத்தியார் அனுப்புங்க' என்று கேட்ட மாதிரி ஆட்கள் எத்தனையோ சேரிகளில் இருந்தார்கள். மிராசுதாருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தே கேட்டார்கள். நம்ம ஊரில் முதலில் கேட்டது யார் என்று பெரியவர்களிடம் விசாரி. ஆலய மனையின் பத்திரத்தையும் பார். அது வாங்கினதா, யாராவது கொடுத்ததா என்று பார்த்த பிறகு எழுது, ஊகத்தில் எழுதாதே.

அப்புறம் ஒன்று. 'அரிசிக்காக மதம் மாறினவங்க' என்று நம்மைப் பார்த்துச் சொல்வதை நீயும் கேட்டிருப்பாய். எனக்கு அது சின்ன வயசில் இருந்து தைத்துக்கொண்டே இருக்கும் முள். அதற்குப் பதில் நம்ம பாட்டி அடுப்படியிலேயே இருந்தது. உலை வைத்ததும், அரிசியைக் களைவதற்கு முன்னால் ஒரு பிடி அள்ளி, உதடு அசைய ஏதோ சொல்லி, அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த தகர டப்பாவில் போடும். அரிசி குறைவாக இருந்த நாளிலும் போடும், பிடி மட்டும் கொஞ்சம் சின்னதாகும். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிடி அரிசிக் காணிக்கை எல்லாம் ஒரே கூடையில் கொட்டி, அளந்து, விற்று, சபைக் கணக்கில் ஏறும். அந்த அரிசியில்தான் சபை நடந்தது. பழைய கணக்கு நோட்டு கிடைத்தால் அந்தப் பக்கத்தை அப்படியே படமெடுத்து மலரில் போடு, முழுப் பக்கமாக.

ஞானஸ்நானப் பதிவேடு ஆயர் வீட்டு மர பீரோவில் இருக்கும். தேதி, பெயர், தாய் தகப்பன், தொழில், ஞானஸ்நானம் கொடுத்தவர் என்று கட்டம் போட்ட பெரிய புத்தகம். தொழில் கட்டத்தை மேலிருந்து கீழே படித்துப் பார். கூலி, கூலி என்று போய்க்கொண்டே இருக்கும் இடத்தில் எந்த வருஷம் முதன்முதலாக 'ஆசிரியர்' வருகிறது, எப்போது 'நர்ஸ்' வருகிறது என்று குறித்துக்கொள். சபை என்ன செய்தது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியவில்லை. பூச்சி அரிப்பதற்குள் எல்லாப் பக்கத்தையும் ஸ்கேன் எடுத்துவிடு, செலவு என்னுடையது.

சிலருக்கு ஆலயத்தில் ஒரு பெயரும் சர்டிபிகேட்டில் ஒரு பெயரும் இருக்கும். 1950-ல் வந்த ஜனாதிபதி ஆணைப்படி கிறிஸ்தவர் ஆனால் பட்டியல் சாதிக்கான உரிமை போய்விடும், இன்றுவரை அதுதான் நிலைமை. சாதி நம்மை விட்டுப் போகவில்லை, சலுகை மட்டும் போனது. எந்தக் குடும்பத்தின் பெயரையும் போடாமல், இதை ஒரு பத்தியாவது எழுதணும். கமிட்டியில் யாராவது வேண்டாம் என்றால் என்னிடம் பேசச் சொல்.

1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை ஆனதும் மெதடிஸ்ட் என்ற பெயர் பலகையில் இருந்து போனது. ஆனாலும் கடவுளோடு செய்த உடன்படிக்கையைப் புது வருஷத்தில் புதுப்பிக்கும் மெதடிஸ்ட் வழக்கமான உடன்படிக்கை ஆராதனை நிற்கவில்லை. பெரியவர்கள் இன்னும் வெஸ்லியன் என்றுதான் சொல்கிறார்கள். அவர்கள் சொல்லும்போது போனில் பதிவு பண்ணிக்கொள். மேல்தெருவில் இருக்கும் பெரியம்மாவிடம் முதலில் போ. வேதாகமப் பெண்களோடு ஊர் ஊராக நடந்தவர் அவர் ஒருவர்தான் மிச்சம், காது கேட்பது குறைந்துவிட்டதால் காலையில் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகக் கேள்.

அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு முந்தின நாளே நான் வந்துவிடுவேன். அதற்குள் பதிவேட்டைப் பார்க்க ஆயரிடமும் கமிட்டியிடமும் எழுத்தில் அனுமதி வாங்கி வை.

அன்புடன்,
அக்கா
பெங்களூர்