வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு வேலையின் ஆங்கிலத்தைக் கற்றுக்கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டிப்ளமோவும் ஐ.டி.ஐ.யும் முடித்த பிள்ளைகள் வேலை தேடிக் கிளம்பியிருக்கும் நேரம் இது. உங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தில் வரும் நேர்காணல் குறிப்புகளைத் தவறாமல் படிக்கிறேன். ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், வருகைப் பதிவையும் சம்பளக் கணக்கையும் பார்க்கும் டைம் ஆபீஸில் வேலை பார்க்கிறவள் நான். புதிதாகச் சேருகிறவர்கள் கையெழுத்துப் போடுவது என் மேசையில்தான். ஆங்கிலம் வராது என்று தலை குனிந்து நிற்கிற இந்தப் பிள்ளைகளுக்கு நாம் தவறான இடத்திலிருந்து பாடம் தொடங்குகிறோம் என்பது என் எண்ணம்.

சான்றிதழ் சரிபார்க்க என்னையும் நேர்காணலில் உட்கார வைப்பார்கள். 'உன்னைப் பற்றிச் சொல்' என்றால், எங்கோ மனப்பாடம் செய்த நாலு வரி வருகிறது: ஊர், அப்பா தொழில், பாட்டுக் கேட்பது பொழுதுபோக்கு. 'என்ன வேலை தெரியும்?' என்று ஆங்கிலத்தில் கேட்டவுடன் வாய் அடைத்துவிடுகிறது. அதே பையன் கம்ப்யூட்டரால் இயங்கும் சி.என்.சி. மெஷின் முன்னால் நின்றால், 'டூல் செட் பண்ணுவேன் சார், ஜாப் லோடு பண்ணுவேன், மைக்ரோமீட்டர்ல சைஸ் செக் பண்ணுவேன்' என்று மளமளவென்று சொல்கிறான் (ஜாப் என்பது மெஷினில் வைக்கும் பொருள்). அவனுக்கு வேண்டிய ஆங்கிலத்தில் முக்கால்வாசி அந்தப் பேச்சிலேயே இருக்கிறது. 'பண்ணுவேன்' என்பதை எடுத்துவிட்டு 'ஐ செட் தி டூல், ஐ லோடு தி ஜாப், ஐ செக் தி சைஸ்' என்று சொல்லிப் பார்க்கச் சொன்னால் போதும். இப்படி அவன் வாயிலிருக்கும் சொல்லிலிருந்தே தொடங்கி, ஷிஃப்ட் முடிந்து வேலையை ஒப்படைப்பது, ரிஜெக்‌ஷன் (சரியில்லை என்று பாகம் கழிக்கப்படுவது) ஏன் வந்தது என்று சொல்வது, லீவு கேட்பது, யாருக்குக் கீழே வேலை பார்த்தேன் என்று விளக்குவது வரைக்கும் கொண்டுபோகலாம். இதற்குப் பெரிய இலக்கணம் எதுவும் தேவையில்லை.

அடுத்தது சம்பளம். சி.டி.சி. என்றால் ஒருவருக்காகக் கம்பெனி செலவிடும் மொத்தத் தொகை. 'சி.டி.சி. மாதம் 20,000' என்று அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் பார்த்ததும் 20,000 ரூபாய் கைக்கு வரும் என்று வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுகிறார்கள். அடிப்படைச் சம்பளம் 12,000 என்றால் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம், 1,440 ரூபாய் அவர்களிடம் பிடிப்பார்கள். கம்பெனி தன் பங்காகக் கட்டும் 1,440 ரூபாயும் அந்த 20,000-க்குள்ளேயே அடங்கியிருக்கும். மருத்துவக் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யில் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், கம்பெனி பங்கு 3.25 சதவீதம்; அதுவும் அந்த 20,000-க்குள்தான். இவை மட்டும் போனாலே கைக்கு வருவது சுமார் 16,400. கேன்டீன், பஸ் பிடித்தம் தனி. முதல் மாதம் சம்பளச் சீட்டை நீட்டிக்கொண்டு, ஏமாற்றிவிட்டார்களோ என்று கண் கலங்கி நின்ற பெண் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கிராஸ் (பிடித்தத்துக்கு முந்தைய சம்பளம்), நெட் (கைக்கு வருவது), டிடக்‌ஷன் (பிடித்தம்) என்ற மூன்று சொல்லை முன்பே யாராவது விளக்கியிருந்தால் அந்தக் கலக்கம் வந்திருக்காது. அப்ரெண்டிஸாகச் சேருகிறவர்களுக்கும் இதே நிலைதான். 1961-ஆம் ஆண்டு அப்ரெண்டிஸ் சட்டப்படி சேர்ந்தால் வாங்குவது ஸ்டைபெண்ட், அதாவது பயிற்சிக்கால உதவித்தொகை, அதில் பி.எஃப். கிடையாது. இது தெரியாமல் கையெழுத்துப் போடுகிறார்கள்.

எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது வேலையை விட்டுப் போகும் விதம். வேறு கம்பெனியில் ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கிடைத்தால் மறுநாளிலிருந்து வருவதில்லை. பதிவேட்டில் 'அப்ஸ்காண்ட்', அதாவது சொல்லாமல் ஓடிப்போனவர் என்று ஏறிவிடும். பிறகு புது இடத்தில் ரிலீவிங் லெட்டர் (பழைய கம்பெனி முறையாக விடுவித்ததற்கான கடிதம்) கேட்கும்போது ஓடி வருகிறார்கள். அப்போது எங்களால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. ஏனப்பா ஒரு மெயில் போட்டிருக்கலாமே என்றால், 'இங்கிலீஷ்ல எழுதத் தெரியாதுக்கா' என்கிறார்கள். ரிசைன் செய்கிறேன், நோட்டீஸ் பீரியட் (விலகும் முன் வேலை பார்க்கும் காலம்) இத்தனை நாள், கடைசி வேலை நாள் இது என்று மூன்று வரி எழுதத் தெரியாததால் உழைத்த அனுபவத்துக்குச் சான்று இல்லாமல் போகலாமா?

ஐ.டி.ஐ.களில் 'எம்ப்ளாயபிலிட்டி ஸ்கில்ஸ்' என்று ஒரு பாடமே இருக்கிறது. 2022-இல் தொடங்கிய தமிழக அரசின் 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டத்தின் கீழும் கல்லூரிகளில் பயிற்சி நடக்கிறது. அந்த வகுப்புகளில் உண்மையான அப்பாயின்ட்மென்ட் ஆர்டரையும் சம்பளச் சீட்டையும் பாடப் புத்தகம்போல் வைத்து, வரிக்கு வரி படிக்க வைக்க வேண்டும் என்று அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்திலும் வாரம் ஒரு பத்தி இதற்காக ஒதுக்குங்கள். முதல் வாரம் சம்பளச் சீட்டிலிருந்தே தொடங்கலாம். பெயரும் கம்பெனியும் இல்லாத மாதிரிச் சீட்டு ஒன்றைத் தயாரித்து, ஒவ்வொரு வரிக்கும் தமிழில் விளக்கம் எழுதி அனுப்ப நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி,
ஸ்ரீபெரும்புதூர்.