தென்னை நிற்கிறதா என்று கேட்டீர்கள்

தெதெதோ, குவாம்
11.6.2023

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவும் அப்பாயியும் எப்படி இருக்கிறார்கள்? புயல் அடித்து நான்கு நாள் கழித்து லைன் கிடைத்தபோது, "உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று கேட்டீர்கள். அடுத்த கேள்வியே, "அங்க தென்னை நிக்குதா?" நான் வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது. சிக்னல் இன்னும் விட்டு விட்டுத்தான் வருகிறது. அதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மாவர் புயல் மே 24 இரவு எங்கள் குவாம் தீவைக் கடந்தது. தீவின் வடமுனையை ஒட்டி, ரோட்டா தீவுக்கும் எங்களுக்கும் நடுவிலுள்ள கடல் வழியாகப் போனது. தெதெதோ வடக்கில்தான் இருக்கிறது. காற்று மணிக்கு சுமார் 225 கிலோமீட்டர். ஆனால் புயல் நகர்ந்ததோ ஆள் ஓடுகிற வேகத்தில்தான். அதனால் மணிக்கணக்கில் ஒரே அடி. நான் இருப்பது கான்கிரீட் வீடு, ஜன்னலுக்கெல்லாம் இரும்பு ஷட்டர். அப்படியும் ஜன்னல் சட்ட இடுக்கில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. துண்டைத் திணிப்பதும், பிழிவதும், வாளியைக் கொட்டுவதுமாக விடிந்தது. சுவரில் கை வைத்தால் லேசாக அதிர்வது தெரிந்தது. கஜா புயல் அன்று நாம் எல்லாரும் மாட்டுக்கொட்டகை ஓரம் ஒண்டிக்கொண்டு நின்றோமே, அதைத்தான் நினைத்துக்கொண்டேன்.

1962-ல் கேரன் என்ற புயல் இங்கே பெரும்பாலான வீடுகளைத் தரைமட்டமாக்கியதாம். 1976-ல் பமேலா வந்தது. அதற்கப்புறம்தான் கான்கிரீட்டில் கட்டுவது வழக்கமானது என்கிறார்கள். இந்தத் தடவையும் தகரக் கூரை, பலகை வீட்டுக்காரர்களை முன்கூட்டியே முகாமுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். வீடு நின்றதால் ஆள் பிழைத்தோம்.

மரம்தான் போய்விட்டது, அப்பா. காலையில் கதவைத் தள்ளித் திறந்தால் பச்சை என்ற நிறமே இல்லை. முறியாத மரத்திலும் ஒரு இலை கிடையாது. மிஞ்சிய தழையும் உப்புக்காற்றில் நெருப்பு பட்டதுபோல் கருகிவிட்டது. இதுவரை தெரியாத தூரத்து வீடுகளெல்லாம் வாசலிலிருந்தே தெரிந்தன.

கரண்டு இல்லை. இங்கே நிலத்தடி நீரை மோட்டார் வைத்து இறைப்பதால் தண்ணீரும் இல்லை. பெட்ரோலுக்கு மணிக்கணக்கில் வரிசை. பக்கத்து வீட்டு ஆன்ட்டி இந்தத் தீவின் பூர்வகுடியான சமோரோ இனத்தவர், அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஃப்ரீசரிலிருந்த கோழி, மீனையெல்லாம் கெடுவதற்குள் எடுத்து வாசலில் கரி அடுப்பு மூட்டித் தெருவுக்கே சுட்டுக் கொடுத்தார். கூடவே அச்சுயோத்தே என்ற சிவப்புச் சாய விதையில் நிறமேற்றிய சிவப்புச் சோறு. நான் மழைநீர் பிடித்து வைத்திருந்த இரண்டு டிரம்மைத் திறந்துவிட்டேன். "சி யூஸ் மாஆசி" என்றார். அவர்கள் மொழியில் நன்றி.

சரி, தென்னைக்கு வருகிறேன். ஆன்ட்டி வீட்டில் ஏழு மரம். மூன்று சாய்ந்துவிட்டது. நிற்கிற நான்கிலும் மட்டை முறிந்து தொங்குகிறது. ஆனால் அவர் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைக் கூட்டிப்போய் ஒரு மட்டையைக் காட்டினார். ஓலை விசிறி மாதிரி முக்கோணமாக வெட்டுப்பட்டிருந்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது. தென்னங்குருத்தைத் துளைக்கிற நம் காண்டாமிருக வண்டேதான்! 2007-ல்தான் இந்தத் தீவில் முதலில் கண்டுபிடித்தார்களாம். அதற்குள் எத்தனையோ மரத்தைத் தின்றுவிட்டது. இப்போது தெருவெல்லாம் விழுந்த தென்னை. அது மக்கினால் வண்டு முட்டை வைக்க அதைவிட நல்ல இடம் வேண்டாம். கஜாவுக்கப்புறம் விழுந்த மரத்தை அப்புறப்படுத்தச் சொல்லி நீங்கள் ஊரெல்லாம் அலைந்தது ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

போன ஞாயிறு ஒரு கம்பியை வளைத்து, நீங்கள் செய்வதுபோல் குருத்தில் விட்டுப் பார்த்தேன். இரண்டு வண்டு வந்தது. ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மற்ற மரத்துக்கும் செய்யச் சொல்லியிருக்கிறார்.

வண்டு வராமல் தடுக்க வேப்பங்கொட்டைத் தூள் இங்கே கிடைக்கவில்லை. பாச்சை உருண்டை கிடைக்கிறது. ஒரு மரத்துக்கு எத்தனை வைக்க வேண்டும், எத்தனையாவது மட்டை இடுக்கில் வைத்து மணல் போட வேண்டும் என்று தம்பியை விட்டு வாய்ஸ் மெசேஜ் அனுப்பச் சொல்லுங்கள். நெட் வரும்போது கேட்டுக்கொள்கிறேன். வரும் ஞாயிறு மிச்ச மரங்களில் ஏறப் போகிறேன்.

அம்மாவிடம் நான் வேளாவேளைக்குச் சாப்பிடுவதாகச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகன்