வேட்டைக்கு முன் உங்கள் பித்தளை கேஸ்களைக் கொஞ்சம் பாருங்கள்

அன்பு வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். டெக்சஸில் நவம்பர் மான் வேட்டைக்கு எல்லோரும் தயாராகும் நேரம் இது. புதிதாக ரீலோடிங் (சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடான கேஸில் மறுபடி மருந்து நிரப்புவது) தொடங்கியவர்கள் சுட்ட கேஸ்களைப் பையில் போட்டுக் கொண்டுவந்து, "பித்தளை மட்டமா, ரைபிளில் கோளாறா?" என்று கேட்கிறார்கள். நாங்கள் பார்த்தவரை, பெரும்பாலும் சுட்டு விரிந்த கேஸைப் பழைய அளவுக்கு அழுத்தும் அச்சான சைஸிங் டையை வைத்திருக்கும் அளவில்தான் கோளாறு.

.308 வின்செஸ்டர் தோட்டாவையே எடுத்துக்கொள்வோம். சுட்ட கேஸின் அடியிலிருந்து சற்று மேலே, சுற்றிவர ஒரு பளபளப்பான வளையம் தெரிந்தால் அதைச் சாதாரணமாக விடாதீர்கள். டையை ஷெல் ஹோல்டரில் (கேஸின் அடியைப் பிடிக்கும் துண்டு) முட்டும்வரை இறக்கி, அதற்கு மேலும் கொஞ்சம் திருகினால், கேஸின் தோள் (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதி) தேவைக்கு மேல் பின்னுக்குப் போய்விடும். சுடும்போது கேஸ் சுவரின் முன்பகுதி சேம்பரை (தோட்டா உட்காரும் அறை) பிடித்துக்கொள்ள, அடிப்பாகம் மட்டும் பின்னால் சேம்பரை மூடும் போல்ட்டை நோக்கி இழுபடும். இழுபடும் இடத்தில் பித்தளை மெலியும். சில முறை இப்படிச் சுட்டால் அங்கேயே அறுந்து, முன்பாதி சேம்பரில் சிக்கிக்கொள்ளும். கசியும் வாயு முகத்தில் அடிக்கவும் கூடும்.

வெளியே தெரியும் கோடெல்லாம் ஆபத்தும் இல்லை. டை முடியும் இடத்தில் லேசான தடம் விழுவது வழக்கம். சந்தேகம் தீர ஒரு பேப்பர் கிளிப் போதும். அதை நிமிர்த்தி, நுனியை மட்டும் சிறிது மடக்கி, கேஸுக்குள் விட்டு, உள்சுவரை ஒட்டியே அடியிலிருந்து மேலே இழுங்கள். நுனி ஒரு பள்ளத்தில் 'டக்' என்று தட்டினால் அந்தக் கேஸ் முடிந்தது. பிளையரால் நசுக்கிவிட்டுக் குப்பையில் போடுங்கள். நசுக்காவிட்டால் அது எப்படியோ மறுபடி மேசைக்கு வந்துவிடும்.

சரி, டையை எவ்வளவு இறக்குவது? உங்கள் ரைபிளில் சுட்ட கேஸின் பிரைமரை (அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) முதலில் எடுத்துவிடுங்கள்; புடைத்த பிரைமர் அளவைக் கெடுக்கும். கம்பேரட்டர் (தோளில் பொருந்தி அளக்க உதவும் துண்டு) மாட்டிய காலிப்பரால் அடியிலிருந்து தோள்வரை அளந்து, போல்ட் ஆக்‌ஷன் என்றால் 0.001 முதல் 0.002 அங்குலம், செமி ஆட்டோ என்றால் 0.003 முதல் 0.004 அங்குலம் தோள் பின்னுக்குப் போனால் போதும். இந்த அளவு உங்கள் ரைபிளுக்கு மட்டும்தான். நண்பரின் ரைபிளில் சுட்ட கேஸுக்குப் பொருந்தாது.

தோட்டா சேம்பரில் ஏற மறுத்தால் கேஸின் நீளத்தைப் பாருங்கள். .308-க்கு உச்சவரம்பு 2.015 அங்குலம், 2.005-க்கு வெட்டிவிடுவது வழக்கம். சைஸ் செய்த பிறகே அளக்க வேண்டும், ஏனென்றால் அப்போதுதான் கேஸ் நீளும். வெட்டாமல் கிரிம்ப் செய்தால் (கேஸின் வாயைக் குண்டின் மேல் இறுக்கினால்) நீளமான கேஸின் தோள் மட்டும் நசுங்கிப் புடைக்கும்.

டைக்குள் கேஸ் மாட்டிக்கொண்டால் லூப் (சைஸ் செய்யும் முன் கேஸில் பூசும் வழுக்குப்பொருள்) போதவில்லை. தோளில் குழி விழுந்தால் லூப் அதிகம். ஆல்கஹால் கலந்த லூப் ஸ்ப்ரே என்றால் ஆல்கஹால் ஆவியாகும்வரை பொறுங்கள். ஈரத்தோடு பிரஸ்ஸை இழுப்பதுதான் பலருக்குத் தலைவலியைக் கொடுக்கிறது.

கழுத்தில் வெடிப்பு வருவது வேறு கதை. திரும்பத் திரும்ப விரிந்து சுருங்கிப் பித்தளை விறைத்துப் போகிறது. கழுத்தையும் தோளையும் மட்டும் பதமாகச் சூடாக்கினால் இளகும். அடிப்பாகத்தில் சூடு ஏறவே கூடாது. இளகிய அடி அழுத்தத்தைத் தாங்காது. அம்மோனியா கலந்த பாலிஷும் வேண்டாம். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் கேஸ்களில் தாமாகவே விரிசல் விழுந்தது. அதற்குக் காரணம் குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியா என்று 1921-இல் விளக்கினார்கள். அதே 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகக் கலவைதான் இன்றும் உங்கள் கையில் இருக்கிறது.

அப்புறம், பிரைமர் விரல் அழுத்தத்திலேயே உள்ளே போனால் பிரைமர் உட்காரும் பாக்கெட் தளர்ந்துவிட்டது. அந்தக் கேஸைக் கழித்துவிடுங்கள். ஓரிரு முறை மட்டுமே சுட்ட புதிய கேஸிலேயே இப்படி ஆனால் மருந்தின் அளவை உடனே கையேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சந்தேகம் இருந்தால் பிரைமரும் மருந்தும் இல்லாத காலி கேஸ்களை மட்டும் கொண்டுவாருங்கள். எந்த ரைபிளில், எத்தனையாவது முறை சுட்டது என்று பையின் மேல் எழுதிவிடுங்கள். உங்கள் முன்னாலேயே அளந்து காட்டுகிறோம், அதற்குக் கட்டணம் கிடையாது.

அன்புடன்,
கடையிலிருந்து