ஓ.டி. என்றால் ஓவர்டைம் இல்லை, கமலா

சுங்கை சிப்புட்

அன்புள்ள கமலா,

நலம். கிள்ளானில் எல்லோரும் சுகம்தானே? இங்கே மத்தியானம் ஆனால் மழை பிடித்துக்கொள்கிறது, துணி காயமாட்டேன் என்கிறது. நாம் விளையாடிய ஆயாக் கொட்டகையை இடித்துவிட்டார்கள், வீடமைப்புத் திட்டம் வரப்போகிறதாம். கோயிலை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. அதை எழுத ஆரம்பித்தால் தாள் போதாது.

பேரன் விஷயமாக உன் மருமகள் அனுப்பிய டாக்டர் கடிதத்தின் படம் வந்து சேர்ந்தது. "இதில் தமிழும் இல்லை, மலாயும் இல்லை, இங்கிலீஷும் முழுசாக இல்லை, என்னடி இது" என்று கேட்டிருக்கிறாய். வாரத்தில் சில நாள் நான் பி.டி.கே.யில், அதாவது மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் மையத்தில், ஒத்தாசைக்குப் போகிறேன் என்பதற்காக என்னை டாக்டராக்கிவிடாதே. ஆனால் அந்தச் சுருக்க எழுத்துகளோடு புழங்குகிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

தோட்டத்து ஜனங்களுக்கு இந்த மாதிரி எழுத்துகள் புதுசா என்ன? டிஸ்பென்சரி உதவியாளருக்கு எச்.ஏ., தொழிற்சங்கத்துக்கு என்.யு.பி.டபிள்யூ., சம்பளச் சீட்டில் சேமநிதிக்கு இ.பி.எஃப்., லாரியில் ஏறும் செம்பனைக் குலைக்கு எஃப்.எஃப்.பி. உங்கள் அப்பா கைநாட்டுதான், ஆனால் இ.பி.எஃப். கணக்கில் ஒரு காசு குறைந்தால் கணக்கெழுதும் கிராணியை விடமாட்டார். அதன் முழுப்பெயர் அவருக்குத் தெரியாது. எந்த ஆபீஸில், யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரியும். இந்த எழுத்துகளையும் அப்படியே பார். இது ஆஸ்பத்திரி எழுத்தா, வெல்ஃபேர் ஆபீஸ் எழுத்தா, பள்ளிக்கூட எழுத்தா என்று பிரித்துவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும். ஒரே எழுத்துக்கு ஒவ்வோர் இடத்திலும் வேறு அர்த்தம்.

ஓ.டி.யையே எடுத்துக்கொள். எங்கள் பி.டி.கே.க்கு வரும் ஒரு பையனின் அப்பா, மில்லில் வேலை. "செவ்வாய்க்கிழமை ஓ.டி. இருக்கு, மறக்காம கூட்டிக்கிட்டு வாங்க" என்றதும், "எத்தனை மணி நேரம்? டபுள் சம்பளமா?" என்றார். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. இன்னொரு அம்மா, மகனுக்கு ஓ.டி. என்று சீட்டில் பார்த்துவிட்டு ஆப்பரேஷன் தியேட்டர் என்று நினைத்து, பிள்ளையைக் காலையிலிருந்து பட்டினி போட்டுக் கூட்டி வந்தாள். அதற்குச் சிரிக்க முடியவில்லை. சீட்டில் இருந்தது ஆக்குபேஷனல் தெரபி. பட்டன் போடுவது, கரண்டி பிடிப்பது, பென்சில் பிடிப்பது, சத்தத்துக்கும் தொடுதலுக்கும் மிரளாமல் இருப்பது, இப்படி அன்றாட வேலைகளுக்குப் பிள்ளையைப் பழக்குகிற சிகிச்சை. ஆஸ்பத்திரிப் பலகையில் ஓ.டி. என்று தேடாதே, மலாயில் 'பெமுலிஹான் சாராகெர்ஜா' என்று போட்டிருக்கும். நடை, தசை, மூட்டு சம்பந்தப்பட்டது பி.டி., அதாவது ஃபிஸியோ. பேச்சுக்கும், சில பிள்ளைகளுக்கு விழுங்குவதற்கும், ஸ்பீச் தெரபி.

இனி உன் பேரனின் கடிதம். முதலில் ஜி.டி.டி. என்று இருக்கிறது. குளோபல் டெவலப்மென்டல் டிலே. பேச்சு, நடை, கைவேலை, மற்றவர்களோடு பழகுவது என்பவற்றில் இரண்டிலோ அதற்கு மேலோ வயதுக்குப் பின்தங்கியிருந்தால் இப்படி எழுதுவார்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத்தான் இதைப் போடுவது. அந்த வயதில் அறிவுத்திறனைச் சரியாக அளக்க முடியாது, அதனால் இது பிறகு மறுபடி பார்க்க வேண்டிய பெயர். நீ பயந்தது அடுத்த வரிக்குத்தான் என்று தெரியும்: டி.ஆர்.ஓ. ஏ.எஸ்.டி. ஏ.எஸ்.டி. என்றால் ஆட்டிசம். ஆனால் முன்னால் இருக்கும் மூன்று எழுத்தையும் சேர்த்துப் படி. 'டு ரூல் அவுட்'. ஆட்டிசமா இல்லையா என்று இன்னும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். உன் சம்பந்தியம்மா அதற்குள் கோயிலில் வேண்டுதல் வைத்துவிட்டார்களாம். வைக்கட்டும், அதில் ஒன்றும் நஷ்டமில்லை. ஆனால் டாக்டர் இன்னும் முடிவு சொல்லவில்லை என்று அவரிடம் சொல்.

கிளினிக்கில் மருமகள் பதில் எழுதிக்கொடுத்தாளே, எம்-சாட் என்கிற ஆட்டிசக் கேள்வித்தாள், அதுவும் இப்படித்தான். இப்போது புழங்கும் திருத்தப்பட்ட எம்-சாட்டில் 20 கேள்வி. பிள்ளை விரல் நீட்டிக் காட்டுகிறானா, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா என்று கேட்கும். அது வெறும் சல்லடை. அதில் மாட்டுகிற பிள்ளைகள் எல்லோருக்கும் ஆட்டிசம் இருக்காது.

அப்புறம் கடைசி வரி, டி.சி.ஏ. 3/12. இது முக்கியம், கமலா. டிசம்பர் 3 என்று காலண்டரில் வட்டம் போட்டுவிட்டதாக எழுதியிருக்கிறாய். அழித்துவிடு. டி.சி.ஏ. என்றால் 'டு கம் எகெய்ன்', திரும்ப வர வேண்டும். 3/12 என்பது டாக்டர்கள் மாதத்தை எழுதும் முறை: பன்னிரண்டில் மூன்று, அதாவது மூன்று மாதத்தில். 2/52 என்று இருந்தால் இரண்டு வாரம், 5/7 என்றால் ஐந்து நாள். சரியான தேதி அப்பாயின்ட்மென்ட் அட்டையில் இருக்கும், அதைப் பார்க்கச் சொல். அட்டையிலும் இல்லையென்றால் நாளைக்கே போன் போட்டுக் கேளுங்கள். இந்த வயதில் சில மாதம் தள்ளிப்போவது சின்ன விஷயமில்லை.

அடுத்து ஓ.கே.யு. ஓராங் குராங் உபாயா, அதாவது மாற்றுத்திறனாளி. இது டாக்டர் எழுத்து இல்லை, ஜே.கே.எம்., அதாவது நாம் சொல்லும் வெல்ஃபேர் ஆபீஸ் எழுத்து. 2008-இல் வந்த சட்டத்தின்படி பதிவு நடக்கிறது, பதிந்தவர்களுக்குக் கார்டு கொடுப்பார்கள். ஏழு பிரிவு: செவி, பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், பிறகு ஒன்றுக்கு மேற்பட்டது. டாக்டர் ஆட்டிசம் என்று எழுதினாலும் கார்டில் 'மசாலா பெம்பெலாஜாரான்', கற்றல் பிரச்சினை என்றுதான் வரும். டவுன் சின்ட்ரோமுக்கும், ஏ.டி.எச்.டி. என்கிற கவனக்குறைவு, மிகைத்துடிப்புக்கும் அதே பிரிவு. சி.பி. பிள்ளைகள், அதாவது செரிப்ரல் பால்சி என்கிற மூளைவாதம் உள்ளவர்கள், உடல் பிரிவில் வருவார்கள். "டாக்டர் ஒன்று சொல்கிறார், கார்டு வேறு சொல்கிறது" என்று பி.டி.கே.யில் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. இரண்டும் சரிதான், இரண்டும் வேறு வேறு ஆபீஸ்.

உன் வீட்டுக்காரர் கார்டு வேண்டாம் என்கிறாராம், பிள்ளைக்கு முத்திரை குத்துவது போல இருக்கிறதாம். பதிவு கட்டாயமில்லை, நானும் யாரையும் நெருக்குவதில்லை. ஆனால் நான் பார்த்த வரையில், கார்டு எடுக்காதவர்கள் பேச்சுக்கு ஆளாகாமல் தப்பவில்லை, சலுகையை மட்டும் இழந்தார்கள். அரசாங்க ஆஸ்பத்திரிச் செலவும், கம்யூட்டர் ரயில் கட்டணத்தில் ஒரு பகுதியும் மிச்சமாகும். கல்யாணப் பத்திரிகையிலா அச்சடிக்கப் போகிறோம்? பர்சில் கிடக்கட்டும் என்று சொல். நான் சொன்னதாகவே சொல், என் மேல்தான் அவருக்கு ஏற்கெனவே கோபம்.

பள்ளிக்கூட எழுத்துகளுக்கு இன்னும் நாள் இருக்கிறது. எம்.பி.பி.கே. என்றால் சிறப்புக் கல்வித் தேவையுள்ள மாணவர். பி.பி.கே.ஐ. என்பது சாதாரணப் பள்ளிக்குள்ளேயே நடக்கும் சிறப்பு வகுப்பு, சில தமிழ்ப்பள்ளிகளிலும் இருக்கிறது. ஆர்.பி.ஐ. என்று ஒன்று, அந்த ஒரு பிள்ளைக்கென்று தயாரிக்கும் பாடத்திட்டம். அதை ஆசிரியரோடு உட்கார்ந்து பார்க்காமல் மருமகளைக் கையெழுத்துப் போட விடாதே.

அதுவரை அவனை வீட்டில் வைத்துக்கொண்டிராமல் உங்கள் பக்கத்து பி.டி.கே.யில் விசாரி. பெமுலிஹான் டாலாம் கொமுனிட்டி, ஊருக்குள்ளேயே பயிற்சி. 1984-இல் திரெங்கானு பத்து ராக்கிட்டில் ஆரம்பித்தது, இப்போது நாடு முழுக்க இருக்கிறது. எங்கள் மையத்தில் ஒரு குட்டி, ஏழு வயது, சி.பி. காலில் ஏ.எஃப்.ஓ. என்கிற பிளாஸ்டிக் தாங்கி. அதன் வெல்க்ரோ பட்டையைத் தானே பிய்த்துத் தானே ஒட்டுவதில் அவளுக்கு ஒரே பெருமை, நாங்கள் கை வைத்தால் தட்டிவிடுவாள். அவள் ரிப்போர்ட்டில் ஜி.எம்.எஃப்.சி.எஸ். மூன்று என்று இருக்கும். கையில் பிடித்துக்கொள்ளும் நடைக்கருவியோடு நடக்கிறாள் என்பதைத்தான் அப்படி எழுதுகிறார்கள்.

மருமகள் முதல் பக்கத்தை மட்டும்தான் அனுப்பியிருக்கிறாள், கீழே 'அடுத்த பக்கம் பார்க்க' என்று போட்டிருக்கிறது. அதையும் எடுத்து அனுப்பச் சொல், வெளிச்சத்தில் வைத்து எடுக்கட்டும். பள்ளி விடுமுறைக்குப் பேரனைக் கூட்டிக்கொண்டு வா. வரும்போது அந்த லிட்டில் இந்தியா கடை முறுக்கு கொஞ்சம் கூடுதலாகவே வாங்கி வா.

அன்புடன்,
உன் ராஜம்