கோல்ஃப் மட்டையின் அதிர்வு எங்கே போகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் அறிவியல் பக்கத்தில், கோல்ஃப் மட்டையில் பீசோ மின்பொருளை (நெருக்கினால் மின்சாரம் தரும் பொருள்) பொருத்தி அதிர்வைக் குறைப்பது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. தமிழில் இதையெல்லாம் ஒருவர் எடுத்து எழுதுகிறாரே என்ற சந்தோஷத்தில் காலையிலேயே இரண்டு தரம் படித்தேன். இரண்டாம் தரம் படிக்கும்போதுதான் மனம் கேட்கவில்லை. பீசோ பொருள் அதிர்வை உறிஞ்சிக்கொள்கிறது, அதனால் பந்து கூடுதல் தூரம் போகிறது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்த வரியின் முதல் பாதி அரைகுறை. இரண்டாம் பாதி தவறு. இதைச் சொல்ல எனக்கு இரண்டு உரிமை உண்டு. நான் ஒரு கேடியின் மகள். பொறியியல் கல்லூரி ஒன்றின் அதிர்வு ஆய்வகத்தில் 29 ஆண்டுகள் வேலை பார்த்தவள்.

கேடி என்றால் மற்ற ஊர்களில் போலீஸ் தேடும் ஆள். பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லி என்னை அழவைத்தவர்கள் உண்டு. எங்கள் ஊட்டியில் கேடி என்பவர் வென்லாக் டவுன்ஸ் மைதானத்தில் ஆட்டக்காரரின் பையைத் தோளில் போட்டுக்கொண்டு 18 குழியும் கூடவே நடப்பவர். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எந்த ஸ்டிக்கை, அதாவது மட்டையை, எடுக்கலாம் என்று சொல்பவர். அப்பா அதைத்தான் செய்தார். எஸ்டேட்காரர் ஒருவர் வேண்டாமென்று கொடுத்த இரண்டு ஸ்டிக்குகள் வீட்டில் இருந்தன. ஒன்றுக்கு ஹிக்கரி மரத் தண்டு, மற்றதற்கு எஃகுத் தண்டு. தை மாத விடியலில், புல் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும்போது, எஃகு ஸ்டிக்கால் ஒரு அடி அடித்துவிட்டு அப்பா இரண்டு கைகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். "மரம்னா சொல்லிட்டுப் போகும்மா, இது கடிச்சிட்டுப் போகுது" என்பார். சைக்கிள் டியூபை நீளமாக வெட்டிப் பிடியில் சுற்றிவைத்திருந்தார். வயதான காலத்தில் முழங்கையின் உள்பக்கம் வலிக்கிறது என்று இரவில் வெந்நீர் ஒத்தடம் கேட்பார். ஆயிரக்கணக்கான தடவை வீசியதும் தரையில் மோதியதும் சேர்ந்து வந்த வலி அது. அதிர்வு அதில் ஒரு பங்கு.

அவர் சொன்னது சரிதான் என்று எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. எஃகைவிட மரம் தன் உடம்புக்குள்ளேயே அதிர்வை அதிகமாகத் தின்றுவிடும். கோல்ஃப் விதிகளை வகுக்கும் பிரிட்டனின் ஆர் அண்ட் ஏ அமைப்பு 1929இல் எஃகுத் தண்டை அனுமதித்த பிறகு ஹிக்கரி மெல்ல மறைந்தது. எஃகு முறியாது, ஒன்றைப் போலவே இன்னொன்றைச் செய்யலாம், ஈரத்தில் கோணாது. அதோடு சேர்ந்து வந்ததுதான் கையைக் கடிக்கும் அதிர்வு. ரப்பர் பிடி, கார்பன் இழைத் தண்டு, பீசோ எல்லாமே அதற்குத் தேடிய மருந்துகள்.

முதலில் தூரக் கணக்கு. பந்தும் மட்டையின் முகப்பும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் கிட்டத்தட்ட அரை மில்லி விநாடி. ஒரு விநாடியை இரண்டாயிரம் துண்டாக்கினால் அதில் ஒன்று. நடுத்தர இரும்பு ஸ்டிக்கால் நன்றாக அடித்தால் பந்து விநாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் கிளம்பும். தண்டோ விநாடிக்குச் சில பத்து தடவைதான் வளைந்து நிமிரும். ஐம்பது தடவை என்று வைத்துக்கொண்டால் ஒரு வளைவுக்கு 20 மில்லி விநாடி. தண்டு ஒருமுறை வளைந்து நிமிர்வதற்குள் பந்து ஒரு மீட்டர் தள்ளிப் போயிருக்கும். அதன் பிறகு தண்டு ஆடினால் என்ன, அடங்கினால் என்ன, பந்துக்கு அது தெரியப்போவதில்லை. அதிர்வை அடக்குவதால் பலன் கைக்கு மட்டும்தான். அதைச் சொல்லியிருந்தால் போதும், அதுவே பெரிய பலன்.

இனி, அதிர்வை உறிஞ்சுகிறது என்ற பாதி. கேஸ் அடுப்பைப் பற்றவைக்கும் லைட்டரில் டக்கென்று ஒரு சுத்தி விழுந்து, ஒரு சிறு பீங்கான் துண்டை அடிக்கிறது. அந்தத் துண்டு ஆயிரக்கணக்கான வோல்ட்டாகப் பொறி விடுகிறது. அதுதான் பீசோ. நெருக்கினால் மின்சாரம் வருகிறது என்பதை 1880இல் ழாக், பியர் கியூரி சகோதரர்கள் குவார்ட்ஸ் முதலான படிகங்களில் கண்டார்கள். மின்சாரம் கொடுத்தால் படிகம் திரும்ப நெளிய வேண்டும் என்று மறு ஆண்டே இயற்பியலாளர் லிப்மன் கணக்குப் போட்டுச் சொல்ல, கியூரிகள் அதையும் செய்து பார்த்தார்கள். மட்டைத் தண்டில் ஒட்டினால், தண்டு வளையும்போதெல்லாம் பீசோ வில்லையும் இழுபட்டு நசுங்கி மின்சாரம் தரும்.

ஆனால் அந்த மின்சாரத்துக்குப் போக்கிடம் வேண்டும். வில்லையின் இரண்டு கம்பிகளையும் சும்மா தொங்கவிட்டால், வளையும்போது சேர்ந்த சக்தி நிமிரும்போது அப்படியே தண்டுக்குத் திரும்பிவிடும். அதிர்வு குறையாது. இரண்டு கம்பிகளையும் ஒன்றாக முறுக்கிவிட்டாலும் குறையாது; மின்சாரம் தடையே இல்லாமல் ஓடிவிடுவதால் எங்கும் செலவாவதில்லை. நடுவில் ஒரு மின்தடையைப் போட வேண்டும், அதுவும் அளவானதாக. வீட்டுத் திரிகையை நினைத்துப் பாருங்கள். உளுந்து போடாமல் சுற்றினால் கை சக்தி செலவாவதில்லை. குழி நிறையத் திணித்தால் கல் நகர்வதே இல்லை. அளவாகப் போட்டால்தான் கையின் உழைப்பெல்லாம் கல்லுக்கும் உளுந்துக்கும் நடுவே இறங்கும். இங்கே அதிர்வின் சக்தி மின்தடையில் சூடாக இறங்குகிறது. 1979இல் ராபர்ட் ஃபார்வர்ட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இப்படி மின்சுற்றின் மூலம் அதிர்வை அடக்கிக் காட்டினார். 1991இல் ஹேகுட், வான் ஃப்ளோட்டோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் எவ்வளவு மின்தடை சரி என்பதை முறையாகக் கணக்கிட்டு எழுதினார்கள். அந்தக் கட்டுரையின் ஜெராக்ஸ் பிரதி எங்கள் ஆய்வகத்தில் பலர் கை பட்டு ஓரமெல்லாம் கறுத்துக் கிடந்தது.

வேலைக்குச் சேர்ந்து சில வருடத்தில் பேராசிரியர் ஒரு அலுமினியப் பட்டையை வைஸில் (மேசையில் பொருத்திய இறுக்குப் பிடியில்) கட்டி, அடிப்பக்கம் நான் ஒட்டிய வில்லையோடு மின்தடைப் பெட்டியை இணைத்து, "நீயே திருகிப் பார்" என்றார். பூஜ்யத்தில் வைத்துப் பட்டையைச் சுண்டினேன். ஆசிலாஸ்கோப் திரையில் அலை நீண்டுகொண்டே போனது. பெட்டியைக் கழற்றிவிட்டுச் சுண்டினேன், அப்போதும் அப்படியே. பிறகு ஒவ்வொரு படியாகத் திருகத் திருக அலையின் வால் குட்டையாகி, ஒரு இடத்தில் மிகவும் குட்டையாகி, அதைத் தாண்டியதும் மறுபடி நீண்டது. அன்று நான் சாப்பிடப் போகவில்லை. திரும்பத் திரும்பச் சுண்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்து அப்பாவின் எஃகு ஸ்டிக்கைக் கொண்டுபோனேன். பிடிப்பக்கம் தண்டு 15 மில்லிமீட்டர் பருமன். உருளையான அந்தத் தண்டில் பீங்கான் வில்லை படியாது, அழுத்தினால் உடைந்துவிடும். முதல் வில்லை அப்படித்தான் போனது. பல வருடம் கழித்து, 1990களில் நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் உருவான இழை வகைப் பீசோ எங்கள் கல்லூரிக்கும் வந்தது. மெல்லிய பீங்கான் இழைகளைப் பிசினில் வரிசையாகப் பதித்த தகடு அது, வளைத்து ஒட்டலாம். தண்டு அதிகம் வளைகிற இடத்தில்தான் ஒட்ட வேண்டும். வைஸில் பிடியை இறுக்கியதால் பிடிக்குச் சற்றுக் கீழே ஒட்டினேன். சுண்டினால் அதிர்வு சீக்கிரம் அடங்கியது நன்றாகத் தெரிந்தது. வைஸிலிருந்து கழற்றிக் கையில் பிடித்துத் தட்டினேன். மின்தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை!

அன்று மனம் உடைந்துபோனது. விடை மறுநாள்தான் புரிந்தது. கையில் பிடித்த மட்டையில் பெரிய அதிர்வு உறிஞ்சியே கைதான். சதையும் நரம்பும் மூட்டுமாகச் சேர்ந்து அதிர்வைக் குடித்துவிடுவதால்தான் மட்டை சீக்கிரம் அடங்குகிறது. அப்பா ஒரு வாழ்நாள் முழுக்க அந்த மின்தடையாக இருந்திருக்கிறார். பீசோ செய்யக்கூடியது, கைக்குப் போகும் பங்கில் கொஞ்சத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வது. அந்தக் கொஞ்சமும் எந்த அதிர்வில் என்பது முக்கியம். நம் விரல் தோல் விநாடிக்கு 200 முதல் 300 வரையிலான அதிர்வுகளைத்தான் மிகக் கூர்மையாக உணரும். சுள்ளென்று கடிப்பது அந்தப் பகுதிதான். தண்டின் மெதுவான ஊசலாட்டத்தை விட்டுவிட்டு இந்த வேகமான அதிர்வுக்கு ஏற்ப மின்சுற்றை அமைத்தால் பலன் இருக்கும். மின்தடையோடு கம்பிச் சுருளையும் சேர்த்தால் அடக்கம் இன்னும் கூடும். மெதுவான அதிர்வுக்கு அந்தச் சுருள் நூற்றுக்கணக்கான ஹென்றி (சுருளின் மின்தூண்டலை அளக்கும் அலகு) அளவில் வேண்டும், தண்டுக்குள் அதற்கு இடமில்லை. வேகமான அதிர்வுக்குச் சில பத்து ஹென்றி போதும்.

இதெல்லாம் வெறும் ஆய்வகப் பேச்சு என்று வாசகர்கள் நினைக்க வேண்டாம். 1990களின் நடுவில் அமெரிக்காவின் கே2 நிறுவனம், ஆக்டிவ் கன்ட்ரோல் எக்ஸ்பர்ட்ஸ் என்ற நிறுவனத்தோடு சேர்ந்து, பனிச்சறுக்குப் பலகையில் கால் பூட்டுக்கு முன்னால் பீசோ தகடு வைத்து விற்றது. அதில் பேட்டரி கிடையாது. பலகை அதிர்ந்தால் ஒரு சிறு விளக்கு மினுங்கும். பிறகு பேஸ்பால் மட்டை வந்தது. 2000ஆம் ஆண்டையொட்டி ஹெட் நிறுவனம் டென்னிஸ் ராக்கெட்டில் பீசோ இழைகளையும் கைப்பிடிக்குள் ஒரு சிப்பையும் வைத்தது. அதற்கும் மின்சாரம் பந்து அடிபடும்போது இழைகளிலிருந்தே வந்தது. பீசோவுக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்தாக வேண்டும் என்று தங்கள் கட்டுரையின் பெட்டிச் செய்தியில் இருப்பதையும் தயவுசெய்து திருத்துங்கள்.

ஒரு ஆட்டக்காரரின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அதிர்வு முழுதாக அடங்கிவிட்டால் நல்ல ஆட்டக்காரர் தவித்துப்போவார். முகப்பின் நடுவில் பட்டதா, ஓரத்தில் பட்டதா என்பதைக் கண் சொல்வதற்கு முன் கை சொல்கிறது. "சொல்லிட்டுப் போகும்" என்று அப்பா சொன்னது அதைத்தான். கடியை எடுக்க வேண்டும், பேச்சை விட்டுவைக்க வேண்டும். என்னைக் கேட்டால், பீசோவின் உண்மையான பெருமை அதில்தான். ரப்பரைப் போல எல்லாவற்றையும் மழுக்காமல், எந்த அதிர்வை அடக்குவது என்று மின்சுற்றைத் திருகி நாமே தேர்ந்துகொள்ளலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தங்கள் மாணவர் பக்கத்தில் இதை ஒரு சோதனையாகப் போடுங்கள். சென்னை ரிச்சி தெருவிலும் எந்த ஊர் எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் பஸ்ஸருக்குப் போடும் பித்தளை வில்லை சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். 30 சென்டிமீட்டர் எஃகு ஸ்கேலை மேசை ஓரத்தில் ஐந்து சென்டிமீட்டர் உள்ளே வைத்து இறுக்கிப் பிடித்து, மேசை ஓரத்தை ஒட்டி ஸ்கேலின் மேல் வில்லையை ஃபெவிக்விக்கால் ஒட்ட வேண்டும். இரண்டு ஒயரையும் ஒரு மெகா ஓம் வால்யூம் கண்ட்ரோலின் நடுக்காலிலும் ஓரக்காலிலும் இணைத்து, ஸ்கேலைச் சுண்டிவிட்டுத் திருகிப் பார்க்கலாம். சுண்டிவிட்ட பின் எத்தனை நேரம் ஆடுகிறது என்று எண்ணினாலே வித்தியாசம் தெரியும். வால்யூம் கண்ட்ரோலைக் கழற்றிவிட்டு ஒரு சிவப்பு எல்இடியை இணைத்து, அறையை இருட்டாக்கிவிட்டு ஸ்கேலைத் தட்டினால் மினுக்கென்று ஒளிரும். ஒரு எச்சரிக்கையும் சேர்த்துப் போடுங்கள்: வில்லையின் மேலுள்ள வெள்ளைப் பீங்கான் பூச்சில் பெரும்பகுதி ஈயம். குழந்தைகள் அதைச் சுரண்டவோ உடைக்கவோ கூடாது, தொட்டால் கை கழுவ வேண்டும்.

படம் தேவைப்பட்டால் நானே வரைந்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வகத் தொழில்நுட்பர்,
உதகமண்டலம்.